ஒற்றைத் துளை நண்டு

ஹாகி
மெய்வா ஆறாம் ஆண்டு, முதல் மாதம் 18

அன்புத் தம்பி தமோனுக்கு அண்ணன் யசோபெய் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி கினுவும் நலம். அவளுக்கு இடுப்பு வலி வழக்கம்போல, எனக்கு வாய்க்கொழுப்பு வழக்கம்போல. எடோவில் இந்த வருஷம் பனி அதிகம் என்கிறார்களே, நீயும் உன் மனைவி ஒதகியும் மாமனாரும் சுகமா? இசோயா வீட்டுக்கு மருமகனாகப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாமனார் வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டுகிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

புது வருஷத்துக்கு எடோவிலிருந்து வந்த ஒரு கனவான் தன் வாளை என்னிடம் காட்டினார். காப்புத்தட்டு முழுக்கத் தங்கச் செவ்வந்தி, அதன்மேல் வெள்ளி வண்டு. "இதை மாட்டிக்கிட்டு சண்டைக்குப் போவீங்களா, கல்யாணத்துக்குப் போவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் முகம் செத்துப் போனது. எதிராளியின் வெட்டு விரலில் விழாமல் இருக்கத்தான் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் தட்டு வைத்தார்கள். எடோவில் இப்போது இரும்பைச் சீந்துவாரில்லையாம். நீ அந்தக் கூத்தில் சேர்ந்தாய் என்று காதில் விழுந்தால், அண்ணா என்று சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு வராதே!

பக்கத்து நாட்டிலிருந்து உகாய் தன்ஸோ என்று ஒரு இளைஞர் வந்திருக்கிறார். அவருடைய அப்பா, எழுத்தர் வேலை பார்த்தவர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பத்தாம் மாதம் எடோவில் மழையில் நடந்து போகும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டினவன் யார் என்று தெரியவில்லை. அவன் வாளின் மூங்கில் ஆணி ஒடிந்து கைப்பிடி கழன்றிருக்கிறது. அலகை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான், தட்டு மட்டும் சாக்கடையில் கிடந்ததாம். பழிவாங்க அனுமதி வாங்கிக்கொண்டு மகன் அந்தத் தட்டோடு ஊர் ஊராக அலைகிறார். ஹாகி இரும்பு என்று யாரோ சொன்னதால் இங்கே வந்தார். துணியைப் பிரித்துக் காட்டினார். நானும் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

அது போகட்டும். நீ கிளம்பும்போது நான் செய்து கொடுத்த நண்டுத் தட்டு எப்படி இருக்கிறது? உன் வாளின் வால், கைப்பிடிக்குள் போகும் முனை, மெல்லிசு என்று நடுத்துளையில் செம்பு வைத்து இறுக்கிக் கொடுத்தேன். தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுது. மறக்காமல் எழுது.

அண்ணி உனக்கு உலர்ந்த நெத்திலி அனுப்புகிறாள். நெஞ்சில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்.

யசோபெய்

*

எடோ
இரண்டாம் மாதம் 21

அண்ணா அவர்களுக்குத் தமோன் தலை தாழ்த்தி எழுதுவது.

உங்கள் கடிதமும் நெத்திலியும் வந்து சேர்ந்தன. எல்லோரும் சுகம். அண்ணியின் இடுப்புக்கு இங்கே ஒரு களிம்பு கிடைக்கிறது, அனுப்புகிறேன். மாமனார் வீட்டுச் சோறு நன்றாக ஒட்டுகிறது. கச்சையை ஒரு விரல் தளர்த்தியிருக்கிறேன்.

நண்டுத் தட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் இடுப்பை விட்டு எங்கே போகும்? தினமும் காலையில் துணியால் துடைக்கிறேன். செம்பு இம்மியும் அசையவில்லை. பிரபுவின் மாளிகையில் காவல் முறையில் இருக்கும்போது ஆட்கள் வந்து, "இது யார் கை வேலை?" என்று கேட்கிறார்கள். என் அண்ணன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன தங்கக் கூத்து இங்கே உண்மைதான். ஹாகியில் நம் பக்கத்து வீட்டு சோபெய் மாமாவின் மகன் ரிகிதா இருக்கிறானே, அவன் அப்பா செய்து கொடுத்த இரும்புத் தட்டைக் கழற்றி ஒரு கடையில் கொடுத்துவிட்டு, தங்கக் கொடி போட்ட தட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறான். பெற்றவர் கையால் அடித்த இரும்பை இப்படிக் கொடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ! சோபெய் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள், கிழவர் தாங்கமாட்டார்.

மழைக்காலம் வருமுன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

தமோன்

*

ஹாகி
மூன்றாம் மாதம் 22

அக்கா ஒஹிசாவுக்கு யசோபெய் எழுதுவது.

ஷிமொனொசெகியில் உன் கடையும் உன் முழங்காலும் எப்படி இருக்கின்றன? இதை உப்புமீன்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அக்கா, உகாய் தன்ஸோ கொண்டுவந்த தட்டு என் தட்டு. நம் தமோனுக்கு நான் செய்த நண்டு.

பார்த்த கணமே தெரிந்தது. நாணலுக்கு அடியில் வலது கொடுக்கைத் தூக்கி நிற்கும் நண்டு. நடுத்துளையைச் சுற்றி மேலே மூன்று உளிக்குத்து, கீழே இரண்டு, அந்தச் செம்பும் நான் வைத்தது. கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பதில் என்ன கையெழுத்து என்று பெயர் வெட்டாமல் விட்டேன். அந்த அன்புதான் இன்றுவரை என்னைக் காப்பாற்றுகிறது. தெரியவில்லை என்று சொன்னேன். அவர் அதை நம்பித் தேநீருக்கு நன்றி சொன்னார். நல்ல பிள்ளை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தமோனுக்கு எழுதிக் கேட்டேன். தட்டு இடுப்பில்தான் இருக்கிறதாம், தினமும் துடைக்கிறானாம்! தட்டு இங்கே என் கண்ணெதிரே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். குற்றமில்லாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

இதற்கு மேல் ஒரு கேடு. பக்கத்து வீட்டு சோபெய்க்குக் கண் பாதி போய்விட்டது, பெருமை மட்டும் முழுசாக இருக்கிறது. உகாய் அவரிடமும் தட்டைக் காட்டினார். நானும் உடன் இருந்தேன். கிழவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அட, இது என் கை வேலைய்யா! இந்த நண்டுக் காலைத் தொட்டுப் பாருங்க, இந்த ஊர்ல வேற எவனுக்கு இது வரும்? யசோபெய்க்கா வரும்?" என்றார்.

உகாய் அமைதியாக, "யாருக்குச் செஞ்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"நான் நண்டு போட்டது என் பையன் ரிகிதாவுக்கு மட்டும்தான். எடோவுல மாளிகைக் காவல்ல இருக்கான். ஏன், அவனுது தொலைஞ்சு போச்சா?"

நல்ல வேலையைக் கண்டால் தன் வேலை என்று சொல்லாத தட்டுக்காரன் இன்னும் பிறக்கவில்லை. பையன் தலையில் மண்ணை வாரிப் போட்டது அவருக்குத் தெரியாது. வெளியே வந்ததும் உகாய் என்னிடம் மட்டும் சொன்னார்: "அவரு அப்பா. நான் எதுக்குக் கேட்டேன்னு தெரிஞ்சா பையனுக்குச் சொல்லி அனுப்பிடுவாரு. உங்களை நம்பறேன், வெளியில சொல்லாதீங்க. மத்த ஊர் பட்டறைகளையும் ஒரு தடவை பாத்துட்டு, ஆறாம் மாசக் கடைசியில எடோவுக்குக் கிளம்பறேன். ரிகிதா வாள்ல அவர் தட்டு இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுவேன்."

ரிகிதா வாளில் அவன் தட்டு இருக்காது அக்கா. அதைக் கடையில் கொடுத்துவிட்டான் என்று தமோன்தான் எழுதியிருக்கிறான். நான் என்ன செய்யட்டும்?

யசோபெய்

*

ஷிமொனொசெகி
மூன்றாம் மாதம் 28

தம்பி யசோபெய்க்கு அக்கா எழுதுவது.

நான் நலம். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது என் புருஷனைவிட நன்றாக என் பேச்சைக் கேட்கிறது. கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

தமோன் கோழி அறுக்கும் இடத்தில் நிற்கமாட்டான். அவன் ஒரு எழுத்தரை மழையில் வெட்டினான் என்று நீ நம்புகிறாயா? எனக்கு நம்பிக்கையில்லை. பெயர் போட்டு நேராகக் கேளேன் என்பேன். ஆனால் மாளிகைக்குப் போகும் கடிதங்களை அங்கே ஒரு ஆள் பிரித்துப் படிக்கிறான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் நேராகக் கேட்காதே. தட்டின் மைப்படி எடுத்து அனுப்பச் சொல். தட்டு இருந்தால் அனுப்புவான். இல்லையென்றால் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

உன் நாக்கைக் கொஞ்சம் அடக்கி எழுது. சின்ன வயசிலிருந்தே அவன் உன் கைக்குப் பயப்பட்டதில்லை, உன் கேலிக்குத்தான் பயப்படுவான். கினுவைக் கேட்டதாகச் சொல்.

ஒஹிசா

*

ஹாகி
நான்காம் மாதம் 3

தம்பி தமோனுக்கு அண்ணன் எழுதுவது. நலம், உன் நலமும் அதுவே ஆகட்டும். களிம்பு வந்தது. அண்ணி இப்போது குனிகிறாள், நிமிர்வதுதான் பாடு.

ஒரு வாடிக்கைக்காரர் உன் தட்டைப் போலவே நண்டு வேண்டும் என்கிறார். நான் வரைந்து வைக்கவில்லை. தட்டின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து மைக்கட்டியால் தேய்த்து ஒரு மைப்படி எடுத்து அனுப்பு. அரை நாழிகை வேலை. எடோக்காரர்கள் தங்கத்தை நக்கிக்கொண்டிருக்கட்டும், இங்கே இரும்புக்கு இன்னும் ஆள் இருக்கிறது.

ஒதகியை விசாரித்ததாகச் சொல். உடம்பு பத்திரம்.

யசோபெய்

*

எடோ
நான்காம் மாதம் 29

அண்ணா அவர்களுக்குத் தமோன் வணக்கம். நாங்கள் நலம். இங்கே காய்ச்சல் பரவுகிறது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கேட்ட மைப்படி இத்துடன் இருக்கிறது. காவல் வேலை ஓயாமல் இருந்ததால் தாமதம். வாளிலிருந்து கழற்றி, எண்ணெய் துடைத்து, நானே தேய்த்து எடுத்தேன். காகிதம் நழுவியதால் சில இடங்களில் தெளிவில்லை. முடிந்ததும் மறுபடி வாளில் மாட்டிவிட்டேன். கை வேலையைப் பார்த்து ஒதகியும் வியந்தாள்.

வாடிக்கைக்காரருக்கு நல்லபடி செய்து கொடுங்கள். அண்ணிக்கு வணக்கம்.

தமோன்

*

ஹாகி
ஐந்தாம் மாதம் 26, விரைவு அஞ்சல்

தமோன்,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

நீ அனுப்பிய மைப்படியில் இருப்பது என் நண்டு அல்ல. இந்த நண்டு இடது கொடுக்கைத் தூக்குகிறது. நடுத்துளையைச் சுற்றி ஒரு உளிக்குத்துகூட இல்லை. அதையெல்லாம் விடு. உன் வாளுறையில் செருகச் சிறு கத்தி மட்டும்தான் உண்டு என்று, அது நுழைய நான் ஒரு பக்கத்துளைதான் வெட்டினேன். நீ அனுப்பியதில் இரண்டு துளை இருக்கிறது. அண்ணன் கொடுத்த தட்டில் எத்தனை துளை என்றுகூடத் தெரியாமல் எவன் தட்டையோ கடன் வாங்கித் தேய்த்து அனுப்பியிருக்கிறாய். யாரை ஏமாற்றுகிறாய்? இருபத்தாறு வருஷமாக இரும்பு அடிக்கிறவனையா?

என் தட்டு உன்னிடம் இல்லை. எப்போது, எங்கே அது உன் கையை விட்டுப் போனது என்று எழுது. அது எப்படிப்பட்ட விஷயமாக இருந்தாலும் எழுது. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், சிரிக்கவும் மாட்டேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்டா. நீ எதைச் செய்திருந்தாலும் நான் உன் அண்ணன்தான்.

இதில் ஒரு உயிர் இருக்கிறது. அதற்கு மேல் எழுத முடியாது. ஆறாம் மாதம் முடிவதற்குள் உன் பதில் என் கையில் இருக்க வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பு. பிந்தினால் நான் உன்னை இழந்தேன் என்று வைத்துக்கொள்.

யசோபெய்

*

ஹாகி
ஏழாம் மாதம் 3

அக்காவுக்கு யசோபெய் எழுதுவது. உடம்பு இருக்கிறது.

சொல்லிவிட்டேன் அக்கா.

ஆறாம் மாதம் முழுக்க வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். ஒரு கடிதமும் வரவில்லை. கிழக்கே மழை, ஆறுகள் பெருகியிருக்கின்றன என்றார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாள் பொறுங்க, பெருவழி திறக்கட்டும்" என்று உகாயை நிறுத்தி வைத்தேன். அவரும் ரெண்டு நாள் பொறுத்தார்.

முந்தாநாள் காலை அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தார். அதே நேரம் சோபெய் வீட்டு அம்மா, ரிகிதாவின் தாய், கூடையோடு உள்ளே வந்தாள். "கினு, மொதக் காய்ப்பு கத்திரிக்கா, நாலு எடுத்துக்க. ரிகிதா ஒன்பதாம் மாசம் விடுப்புல வர்றானாம். அவனுக்கு ஊறுகாய் போடணும், நல்ல கல் ஒண்ணு இருந்தா குடேன், ஜாடி மேல வைக்க" என்றாள். பிறகு உகாயைப் பார்த்து, "தம்பி, எடோவுக்கா போறீங்க? எம் பையனைப் பாத்தா அம்மா சுகமா இருக்கான்னு சொல்லுங்க" என்றாள்.

உகாய் தலை குனிந்து, "சொல்றேம்மா" என்றார்.

அவள் போனதும் அவர் வாசல்படியில் உட்கார்ந்து வைக்கோல் செருப்பைக் கட்டினார். ஒரு காலைக் கட்டி முடித்துவிட்டார்.

"ஐயா, அந்த நண்டு சோபெய் செஞ்சது இல்ல" என்றேன்.

"பின்ன?"

"நான் செஞ்சது. என் தம்பிக்கு."

கினு கத்திரிக்காயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உகாய் கட்டின செருப்பை மெதுவாக அவிழ்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் தமோனின் இரண்டு கடிதங்களையும், அந்தப் பொய் மைப்படியையும் எடுத்து முன்னால் வைத்தேன்.

படித்து முடித்துவிட்டு, "ஆறு மாசம் உங்க வீட்டுத் தேநீரைக் குடிச்சிருக்கேன்" என்றார்.

"தெரியும்."

"ஏன் இப்பச் சொல்றீங்க?"

"அந்தம்மாவுக்கும் ஒரே பையன்."

அவர் எனக்கு நெற்றி தரையில் பட வணங்கினார் அக்கா. தம்பியைக் காட்டிக் கொடுத்தவனை! காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கினு என்னோடு பேசவில்லை. நீயும் பேசமாட்டாய் என்றால் அதையாவது எழுதி அனுப்பு.

யசோபெய்

*

எடோ
ஆறாம் மாதம் 9
(ஏழாம் மாதம் 19 அன்று ஹாகி வந்து சேர்ந்தது)

அண்ணா அவர்களுக்குத் தமோன் எழுதுவது.

கடிதம் நேற்று வந்தது. ஒரு உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பயத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இனி ஒளிக்கமாட்டேன்.

உங்கள் தட்டு என்னிடம் இல்லை. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நான் இங்கே வந்த புதிதில் காவல் அறையில் எல்லோரும் என் வாளைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். "என்னய்யா இது, ஊர்லேர்ந்து சட்டி மூடியைக் கட்டிக்கிட்டு வந்துட்டே?" என்பார்கள். என் பெயரே சட்டிமூடி ஆகிவிட்டது. முறை மாறும்போது, "சட்டிமூடி வந்தாச்சா?" என்று கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் பொறுத்தேன். மெய்வா நான்காம் ஆண்டு எட்டாம் மாதம், ரிகிதாவும் நானும் சேர்ந்தே கந்தாவில் ஒரு கடைக்குப் போய், இரண்டு பேரும் தட்டைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம். அவன் தங்கக் கொடி எடுத்தான். நான் தங்கப் பியோனிப் பூ எடுத்தேன். அவனைப் பற்றி மட்டும் உங்களுக்கு எழுதினேன் பாருங்கள், அது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் கேட்டபோதெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் தங்கத்தைத் திட்டியிருப்பீர்கள், வாசலுக்கு வராதே என்று எழுதியிருப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் உங்கள் சிரிப்புதான் காதில் கேட்கும். மைப்படி கேட்டதும் கடைகடையாகத் தேடி ஒரு நண்டைக் கண்டுபிடித்தேன். துளையை எண்ணத் தோன்றவில்லை. நான் உங்கள் தட்டை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததே இல்லை அண்ணா.

இன்று காலை கந்தாக் கடைக்கு ஓடினேன். உங்கள் நண்டை அதே மாதம் ஒரு வாள் பயிற்சி ஆசிரியர் வாங்கிப் போனாராம். ஒக்கமோட்டோ கெங்கோ என்று பெயர், கழுத்தில் தழும்பு உள்ள ஆள், முரடராம். அந்த வருஷக் குளிர்காலத்துக்குப் பிறகு எடோவில் காணோமாம். கடைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தந்த சீட்டையும் இத்துடன் வைக்கிறேன். எங்கே இருந்தாலும் அந்த ஆளைத் தேடிப் பிடித்து உங்கள் தட்டை மீட்டு வருவேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அடுத்ததில் எழுதுகிறேன். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

தமோன்

*

ஹாகி
ஏழாம் மாதம் 19, விரைவு அஞ்சல்

உகாய் தன்ஸோ அவர்களுக்கு,

நிறுத்துங்கள். என் தம்பி இல்லை. உங்கள் அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தட்டு கை மாறிவிட்டது. அவன் கடிதமும் கடைக்காரர் சீட்டும் ஓயி ஆற்றங்கரையில் வெள்ளத்துக்காக இருபத்தைந்து நாள் கிடந்து இன்றுதான் என் கைக்கு வந்தன. இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். காலில் விழுந்து கேட்கிறேன், நிறுத்துங்கள்.

யசோபெய்

*

எடோ
எட்டாம் மாதம் 2

மதிப்பிற்குரிய யசோபெய் அவர்களுக்கு உகாய் தன்ஸோ பணிவுடன் எழுதுவது. கோடை கழிந்து காற்று குளிர்கிறது. தாங்களும் தங்கள் மனைவியாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பிரபுவின் மாளிகை என் அனுமதிச் சீட்டையும் தாங்கள் தந்த காகிதங்களையும் பார்த்துத் தங்கள் தம்பியை ஒப்படைத்தது. இன்று காலை ஆற்றங்கரையில், சாட்சிகள் முன்னிலையில், முறைப்படி முடிந்தது. அவர் ஓடவில்லை. அவருக்கு வாள் அவ்வளவாகப் பழக்கமில்லை என்று தெரிந்தது. அதிக நேரம் பிடிக்கவில்லை.

தங்களிடம் எதையும் மறைக்க எனக்கு உரிமையில்லை. கடைசியில் அவர், தட்டை எப்போதோ கடையில் கொடுத்து மாற்றிவிட்டதாகச் சொன்னார். "அப்படின்னா உங்க அண்ணனுக்கு எதுக்குப் பொய் மைப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டேன். "வெக்கமா இருந்தது" என்றார். சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். தட்டு மாற்றின வெட்கத்துக்கா ஒருவன் இப்படிப் பொய்மேல் பொய் சொல்வான்? அவர் வாளில் இப்போது இருப்பது தங்கப் பியோனி. என் தந்தையைக் கொன்ற பிறகு மாட்டிக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி நிறைமாதமாக இருக்கிறார். அதைப் பார்த்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் என் தாய் இனி நிம்மதியாகத் தூங்குவார். ஒரு தாயின் மகனைக் காப்பாற்றத் தன் தம்பியைக் கொடுத்த தங்கள் நேர்மையை எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள்.

உகாய் தன்ஸோ

*

ஹாகி
பத்தாம் மாதம் 11

உகாய் தன்ஸோ அவர்களுக்கு யசோபெய் எழுதுவது.

என்னுடைய விரைவு அஞ்சல் எட்டாம் மாதம் நான்காம் தேதி காலை உங்கள் விடுதியில் உங்கள் கையிலேயே கொடுக்கப்பட்டது என்று அஞ்சல்காரர் உறுதி சொல்கிறார். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபித்து எழுதவில்லை. இந்த மௌனம் எனக்குப் பழக்கமானதுதான். என் தம்பியும் வெட்கத்தில்தான் எழுதாமல் இருந்தான்.

ஆற்றங்கரையில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்கு யாரோ சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவன் இரண்டு வருஷம் என்னிடம் பொய் சொன்னான். சாட்சிக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்பே நான் சிரித்து முடித்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் இரும்பை நிமிர்த்தினேன், கூடப் பிறந்தவனை ஒரு சொல் சொல்ல விடவில்லை. எனக்கு மன்னிப்பு கிடையாது, அதை யாரிடமும் கேட்கவும் இல்லை.

உங்கள் மேல் நான் வாள் எடுக்க முடியாது. மகன் அப்பனுக்காக எடுக்கலாம், தம்பி அண்ணனுக்காக எடுக்கலாம். தம்பி செத்தால் அண்ணனுக்கு அந்த உரிமையைச் சட்டம் தரவில்லை. மூத்தவர்களுக்காகத்தான் பழி, இளையவனுக்காக அழ மட்டும்தான் அனுமதி. இங்கே ஒரு அதிகாரியிடம் இதைக் கேட்டேன். பாவம், அவர் எனக்காக வருத்தப்பட்டார்.

உங்கள் அப்பாவை வெட்டினவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். பெயரும் அடையாளமும் உங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் பழி தீர்ந்தது என்று உங்கள் பிரபுவின் ஏட்டில் எழுதி, உங்களுக்குப் பரிசும் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இனி அவனைத் தேடிப் போக வேண்டுமானால், தப்பான ஆளைக் கொன்றேன் என்று முதலில் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்வீர்களா? வெட்கத்துக்காக ஒருவன் இவ்வளவு மறைப்பானா என்று கேட்டவர் நீங்கள்தானே.

ஒதகிக்குப் போன மாதம் பிரசவம் ஆயிற்று. இசோயா வீட்டுப் பெயர் எங்கள் பிரபுவின் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அவளையும் குழந்தையையும் நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன். வண்டி கிளம்பிவிட்டது. குழந்தை ஆண். அவன் அப்பா எப்படிச் செத்தார் என்று ஒரு நாள் கேட்பான். என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கினு முடிவு செய்துவிட்டாள்.

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் இன்னும் இருபது வருஷமாவது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

யசோபெய்